பதிமூன்று கிலோ இருநூறு கிராம்

மதுரை மாட்டுத்தாவணியில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஏறினேன். நாகர்கோவில் வடசேரிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம்; சீட்டு இருநூற்று அறுபது ரூபாய். புரட்டாசி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கயத்தாறு வரைக்கும் வெயில் ஜன்னல் கம்பியில் கை வைக்க விடவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் முகத்தில் சாரல் அடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் காளையார்கோவில் பக்கம் மழை என்றால் யாரும் ஜன்னலை மூடமாட்டார்கள்.

பக்கத்தில் இருந்த பூ வியாபாரி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எட்டிக் கண்ணாடியை இழுத்து மூடினார்.

“ஒம்பது நாளா இந்தச் சவத்து மழ விடாமப் பெய்யுகு. அறுக்க வேண்டிய நெல்லு பூரா படுத்தாச்சு, கேட்டியளா? நீங்க சிரிச்சிட்டு இருக்கிய” என்றார். தோவாளையில் இறங்கும்வரை அவர் அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவள். பொய் சொல்லிக் கடன் கேட்கிறவர்களைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அது நல்ல பெயரா என்பது வேறு விஷயம். சின்ன விவசாயிகளுக்குக் கடனும் பயிர்க் காப்பீடும் போய்ச் சேருகிறதா என்று ஆறு மாவட்டத்தில் பார்த்து எழுதித் தரும்படி ஓர் அறக்கட்டளை கேட்டது. வீட்டில் சும்மா இருந்தால் மருமகளோடு சண்டைதான் வரும் என்று கிளம்பிவிட்டேன். அறிக்கைக்கு அவர்கள் கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்களுக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். நான் போன ஊரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை 5.50. வடசேரியில் இறங்கினேன். விடுதி அறை தொள்ளாயிரம் ரூபாய். ஜன்னலைத் திறந்தால் பின்னால் ஒரு வயல். அதில் நெல் நிற்கவில்லை, கிடந்தது. கீழே கடையில் ரசவடையும் டீயும் முப்பது ரூபாய். ரசவடை அருமை. அதைச் சொல்லாமல் விட்டால் நாகர்கோவில்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

மறுநாள் காலை 7.15. பூதப்பாண்டி வழி போகிற டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. மழை விட்டிருந்தது. மலைகள் இவ்வளவு கிட்டத்தில் நிற்கும் என்று நான் நினைத்ததில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்போல இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வயல். மேட்டுப் பக்கம் மஞ்சளாக நிற்கிறது. பள்ளத்தில் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் தலையை வைத்துக் கிடக்கிறது. சில இடங்களில் கதிரிலேயே முளை விட்டிருந்தது. விளைந்த நெல்லில் பச்சை முளை வந்தால் அது அரிசிக்கு ஆகாது என்பது வயலோடு பழகிய யாருக்கும் தெரியும்.

பதினான்கு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். நிறுத்தத்தில் வேளாண் துறை அலுவலர் ஜெபராஜ் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும்; பேன்ட்டை முழங்கால்வரை மடித்திருந்தார். டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

பயிர்க் காப்பீடு எப்படி நடக்கிறது என்பது தெரியாதவர்களுக்காக: ஒருவர் வயல் அழிந்தது என்பதற்காக அவருக்கு மட்டும் பணம் வந்துவிடாது. வருவாய்க் கிராமத்தில் நான்கு வயலை எண் அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். நான்கின் சராசரி ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் ஊரில் காப்பீடு செய்த அத்தனை பேருக்கும் இழப்பீடு. மேலே போனால் ஒருவருக்கும் ஒரு பைசா கிடையாது.

“மூணு வயலு முடிஞ்சாச்சு மேடம்” என்றார் ஜெபராஜ். “ஆறு கிலோ, ஆறரை, பத்து. எட்டுக்குக் கீழ சராசரி வரணும். இன்னைக்கு உள்ளது தாணப்பன் அண்ணாச்சிக்க வயலு. பாதிக்கு மேல படுத்துக் கெடக்கு. என்ன போட்டாலும் ஏழு தாண்டாது. இந்த வருசந்தான் பாட்டக்காரங்க நெறையபேரு சேந்திருக்காங்க. ஊருக்குக் கெடச்சிரும்.”

இழப்புக்காக ஒரு மனிதர் இப்படி ஆவலாகக் காத்திருப்பதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் அதே ஆசைதான்.

காலை 8.30. தாணப்பன் வீடு. ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, காதோரம் நரை. மனைவி பகவதி பால் விடாத கட்டஞ்சாயா போட்டுத் தந்தார். நான் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

சொந்த நிலம் இல்லை. ஒரு ஏக்கர் அறுபது சென்ட் வயலைப் பத்தொன்பது வருடமாகப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துச் செய்கிறார். வயலின் உரிமையாளர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறார். பூவுக்குப் பன்னிரண்டு கோட்டை நெல் அளக்க வேண்டும். பூ என்றால் இங்கே ஒரு போகம். கோட்டை என்பது எண்பத்தேழு கிலோ. எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்து ஒன்றும் கிடையாது. எழுத்து இல்லாததால் பயிர்க்கடன் கிடையாது. உழவுக்குப் பகவதியின் சங்கிலி அடகுக்குப் போகும், அறுப்புக்குத் திரும்பும்.

“இப்பம் அறுப்பு வந்தாச்சு, சங்கிலி வரல்ல” என்று பகவதி கழுத்தைத் தொட்டுச் சிரித்தார்.

காப்பீட்டுக்கு மட்டும் இந்த வருடம் வழி கிடைத்திருக்கிறது. இந்த நிலத்தில் பயிர் செய்கிறவர் இவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் சான்று தந்தால் போதும். அதற்கு உரிமையாளர் தலையாட்ட வேண்டும்; பெயர் தாளில் ஏறினால் நிலமே போய்விடுமோ என்று பயந்து பலர் ஆட்டமாட்டார்கள். இவருடைய உரிமையாளர் ஆட்டியிருக்கிறார்.

“நல்ல மனுசன். இதுவரை ஒரு கொற சொன்னது கெடையாது” என்றார் தாணப்பன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இன்னைக்கு வருவாராம்மா. அதிகாரிமாரு வருதாங்கன்னு கேட்டு, நானும் வந்து பாக்கேன்னு போன் பண்ணினாரு. அவரு வயலுக்குள்ள எறங்கி ஏழெட்டு வருசம் ஆச்சு.”

“வரட்டுமே” என்றேன்.

“கெடப்பப் பாத்தா என்ன நெனப்பாரு? பாட்டத்துக்குக் கேட்டு மூணுபேரு அவருக்க வீட்டு வாசல்ல நிக்காங்க. கை விட்டா போச்சு. இந்த வயசில எனக்கு வேற எவன் வயலு தருவான்?”

மழை பெய்ததற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று சமாதானம் சொன்னேன். அதோடு நிறுத்தினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. சராசரி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபராஜும் அப்படியே நினைத்திருப்பார். காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று முப்பத்தோரு வருடம் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான்.

காலை 10.20. வயல். வரப்பு வழுக்கியதால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். உரிமையாளர் எங்களுக்கு முன்னாலேயே வந்து குடையோடு நின்றார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, சாந்தமான முகம். எல்லோருக்கும் ஒரு பொட்டலம் ரசவடை வாங்கி வந்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவரும் இருந்தார். போனில் படம் எடுப்பது அவர் வேலை.

வயலின் மேற்கு ஓரம் மேடு. அங்கே நெல் மணி மணியாக நின்றது. நடுவில் தொடங்கிக் கிழக்கு வரப்புவரை எல்லாம் விழுந்து, தண்ணீருக்குள் அழுகிய வாடை. ஜெபராஜ் தென்மேற்கு மூலையில் இருந்து எண் அட்டவணைப்படி நாடாவை இழுத்துக்கொண்டு போனார். நாடா போய் நின்ற இடம் சரியாகப் படுத்த நெல்லின் நடுவில். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

உரிமையாளர் குடையை மடக்கினார். “என்ன தாணப்பா, வயலு இப்பிடிக் கெடக்கு? மேக்க நிக்கது நல்லா நிக்கே. வெள்ளம் வடிய வாய்க்கா வெட்டி விடல்லியா?”

அவர் குரலில் கோபம் இல்லை. ஆசிரியர் நோட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வருத்தம்தான். தாணப்பன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பகவதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது நாத்தங்காலு சார்” என்றார் தாணப்பன்.

“எது?”

“இந்தக் கெடக்கதுதான். நாத்து பறிச்சது போக மிச்சத்த சும்மா விட்டிருந்தேன். நட்ட வயலு மேக்க உள்ளதாக்கும். அது எப்பிடி நிக்குன்னு பாருங்கோ.”

பச்சைப் பொய். ஒரு ஏக்கர் அறுபது சென்ட் வயலில் பாதிக்கு மேல் நாற்றங்கால் போடுகிறவன் உலகத்தில் கிடையாது. எனக்குத் தெரிந்தது. ஜெபராஜுக்குத் தெரிந்தது. மின்வாரியத்தில் காலம் கழித்த மனிதருக்குத் தெரியவில்லை. “ஓ, அப்பிடியா” என்று தலையாட்டினார்.

ஜெபராஜ் நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். “அண்ணாச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லும். நட்ட வயலு இது இல்லியா?”

“இல்ல சார்.”

“எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“போடுதேன் சார். அதுக்கென்ன.”

கம்பெனிக்காரர் சுறுசுறுப்பானார். “நாத்தங்கால் கணக்குல வராது சார். நட்ட பரப்பில மட்டுந்தான் எடுக்கணும். விவசாயியே சொல்லுதாரே” என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. ஐயோ, அதுதான் கொடுமை.

நான் வாயைத் திறந்தேன். “ஒரு நிமிஷம், இவருக்கு இந்தச் சராசரிக் கணக்கை...”

“மேடம், நீங்க பார்வையிடத்தானே வந்திருக்கிய?” என்றார் கம்பெனிக்காரர். போனை என் பக்கம் திருப்பியிருந்தார். உரிமையாளரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனிதர் முன்னால் தாணப்பனைப் பொய்யர் என்று காட்டினால் அந்த நிமிடமே பாட்டம் போய்விடும். சொல்லாமல் விட்டால் ஊருக்கே இழப்பீடு போய்விடும். நான் விழித்துக்கொண்டு நின்றேன். சங்கத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது! வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு நாக்கு எழவில்லை. மூடிக்கொண்டேன்.

நாடா மேற்கே போனது. நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள்.

காலை 11.45. அறுத்த கதிரைத் தார்ப்பாயில் அடித்தார்கள். பகவதி சொளவில் அள்ளிப் பதர் போகத் தூற்றினார். சொளவு என்றால் நம் முறம்தான். அவர் கை வேகமாக ஓடியது. கணவர் செய்ததன் பொருள் அவருக்கு முழுவதும் புரிந்திருந்தது என்று நினைக்கவில்லை. வயல் தப்பியது என்ற மட்டில் புரிந்திருந்தது. சாக்கைத் தராசில் மாட்டினார்கள். முள் நடுங்கி நின்றது.

பதிமூன்று கிலோ இருநூறு கிராம்.

கம்பெனிக்காரர் மூன்று கோணத்தில் படம் எடுத்தார். ஜெபராஜ் படிவத்தில் எண்ணை எழுதும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாணப்பன் கையெழுத்துப் போட்டார். நான் மனதுக்குள் கூட்டி நாலால் வகுத்தேன். எட்டே முக்காலைத் தாண்டி நின்றது.

உரிமையாளர் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். போனில் ஏதோ தட்டினார். “ஏ அப்பா! இந்தக் கணக்குக்கு ஏக்கருக்கு இருபத்துநாலு கோட்டைக்கு மேல வருகே!” என்றார். உண்மையான வியப்பு. தாணப்பனின் தோளில் தட்டினார். “கொள்ளாம் தாணப்பா. இந்த மழையிலயும் இப்பிடி எடுத்திருக்கியே. உன்ன விட்டு வேற ஒருத்தனுக்கு நான் வயலக் குடுப்பனா?”

தாணப்பன் கை கூப்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

உரிமையாளர் குடையை விரித்துக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் திரும்பினார். “நான் இதுவரை வெளச்சல் என்னன்னு ஒங்கிட்ட கேட்டதே கெடையாது, என்னா? இப்பம் கவர்ன்மென்டே எட போட்டுச் சொல்லுகு. அடுத்த பூவில இருந்து ரெண்டு கோட்டை கூட்டி அளந்திரு. பதினாலு. ஒனக்கும் நஷ்டம் இல்ல பாரு.”

“சரி சார்” என்றார் தாணப்பன். வேறு என்ன சொல்வார்? நாற்றங்கால் என்று சொன்ன வாய் அது. கையெழுத்தும் காயவில்லை.

பகல் 1.00. அவர்கள் போன பிறகு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். ஜெபராஜ் வாய்க்காலில் நாடாவைக் கழுவிக்கொண்டிருந்தார். ரசவடைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

“போகட்டும்மா” என்றார் தாணப்பன் என்னிடம். “எனக்க இன்சூரன்ஸ் காசுதான போச்சு. அது வந்தா ஒருக்கா வரும். வயலு கையில இருந்தா வருசம் ரெண்டு பூ. ரெண்டு கோட்டை கூடினாலும் வயலு நிக்கும்லா.”

யோசித்துத்தான் செய்திருக்கிறார், தன் பணத்தைக் கொடுத்துத் தன் வயலை வாங்கியிருக்கிறார். ஊர்க் கணக்கு அவருக்குத் தெரியவே தெரியாது. ஜெபராஜைப் பார்த்தேன். அவர் நாடாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அண்ணே, உங்க காசு மட்டும் இல்ல. நாலு வயலையும் கூட்டித்தான் கணக்கு. உங்க வயல் எடை ஊருக்கே சேரும். இப்ப யாருக்கும் வராது.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. “கீழ்ப்பத்து வயலுகாரங்களுக்குமா? அவங்களுக்கு ஒரு மணி தேறல்லியே.”

“அவங்களுக்கும்தான்.”

“அவங்களுக்க வயல வந்து பாக்கமாட்டாங்களா?”

“மாட்டாங்க அண்ணே.”

பகவதி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். “எனக்க அம்மோ! நான்தான வீடு வீடாப் போயி சேருங்க சேருங்கன்னு சொன்னேன். மேரிட்ட நான்தான் சொன்னேன். அவ கம்மல வித்துப் பணம் கெட்டினாளே!” கணவரைப் பார்த்துக் கத்தினார். “நாத்தங்காலாம் நாத்தங்காலு! எதுக்குச் சொன்னிய? எதுக்குச் சொன்னிய?”

தாணப்பன் எழுந்துபோய் ஜெபராஜ் பக்கத்தில் நின்று, “சார், அந்தத் தாளத் திருப்ப முடியுமா?” என்று கேட்டார். படம் எடுத்து அங்கேயே அனுப்பியாகிவிட்டது என்றார் ஜெபராஜ். அவர் கண் சிவந்திருந்தது. “நான் ரெண்டு மட்டம் கேட்டனே அண்ணாச்சி” என்றார். பிறகு, “ஏன்னு சொல்லிக் கேட்டிருக்கணும். சொல்லல்ல” என்றார்.

அப்போது வரப்பு வழியே ஒருவர் வந்தார். கீழ்ப்பக்கத்து வயல்காரர், பெயர் ஐசக் என்று பிறகு தெரிந்தது. மேரியின் கணவர். முழங்கால்வரை சேறு, முளைவிட்ட கதிரை அறுத்துக் கட்டிச் சுமந்து வந்தார், மாட்டுக்காவது ஆகும் என்று.

“தாணப்பா, எவ்வளவு வந்து மக்கா?”

தாணப்பன் வாய் திறந்தது. “பதிமூணு.”

“பதிமூணா! கொள்ளாமே! நீ தப்பிச்சல” என்று ஐசக் வாய் நிறையச் சிரித்தார். “நம்மளுக்கு இன்சூரன்ஸ் வரும். நீயும் நல்லா இருந்தா சந்தோசம்தான்.” கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

தாணப்பன் அவர் தலை மறைகிறவரை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“நானே சொல்லிக்கிடுதேன்” என்றார் தாணப்பன். “நீங்க ரெண்டுபேரும் யாருட்டயும் சொல்லாதுங்கோ. நான் செய்தது. நான் சொல்லணும்.”

மாலை 3.40. பஸ் நிறுத்தம். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஐசக்கும் இருந்தார். நான் ஆபீஸ் ஆள் என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். டீக்குக் காசு வாங்க மறுத்தார்கள். “மேடம், எப்பம் அக்கவுண்டில ஏறும்?” என்று கேட்டார் ஐசக். அடுத்த போகமான கும்பப்பூவுக்கு விதை வாங்க வேண்டுமாம். எனக்குத் தெரியாது என்றேன். கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் எடுத்த நான், அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

எங்கள் ஊரில் விளையவில்லை என்றால் காய்ந்த தட்டையைப் பிடுங்கிக் கட்டி வந்து என் மேசையில் போட்டுச் சத்தம் போடுவார்கள். கெட்ட வார்த்தைகூடப் பேசுவார்கள். எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வரும். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று இந்த நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் புரிந்தது. காய்ந்தது அவர்கள் சொந்த நிலம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கே காப்பீட்டுக்கு விளையவில்லை என்று காட்ட வேண்டும், பாட்டத்துக்கு விளைந்தது என்று காட்ட வேண்டும். அதே வயலை, அதே காலையில், ஒரே ஆள். இந்தத் திட்டத்தை ஊர் ஊராகப் பரப்புங்கள் என்றுதான் நானும் நாலு மாவட்டத்து அறிக்கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தப்பாக எழுதவில்லை. ஆனால் வரப்பில் குடையோடு யார் நிற்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தாணப்பன் வயல் பக்கம் இருந்து வந்துகொண்டிருந்தார். பகவதி அவரோடு வரவில்லை. டீக்கடைக்கு இருபது அடி முன்னால், சாலையோர வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினார். கடையில் இருந்து ஐசக், “வா மக்கா, டீ குடி” என்று கூப்பிட்டார். தாணப்பன் நிமிரவில்லை. வலது காலைக் கழுவினார், இடது காலைக் கழுவினார், மறுபடியும் வலது காலைக் கழுவினார். பஸ் வளைவில் திரும்பும்போதும் அவர் வாய்க்காலுக்குள்தான் நின்றார்.